சுண்டு என்ற பெயர் பலகையில் இல்லை

எங்கள் கட்டடத்துக்கு வாசல் ஒன்றுதான். உள்ளே அறைகள் நிறைய. எல்லோருக்கும் சேர்த்து ஒரே முகவரி. வெளியிலிருந்து யார் வந்தாலும் வாசலில் நிற்கும் தாவீது அண்ணனிடம் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும். அவர் தலைக்கு மேலே இருக்கும் பலகையைப் பார்ப்பார். பெயருக்கு நேரே அறை எண் எழுதியிருக்கும். வந்தவரை அங்கேயே நிறுத்திவிட்டு அவர் மட்டும் உள்ளே வருவார். கேள்வியைச் சொல்வார். பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போவார்.

வந்தவர்கள் எங்களைப் பார்ப்பதில்லை. நாங்களும் அவர்களைப் பார்ப்பதில்லை. இரண்டு தரப்பும் தாவீது அண்ணனைத்தான் பார்க்கிறோம். நான் இங்கே வந்ததிலிருந்து உலகத்தில் எல்லோருக்கும் அவர் முகம்தான்.

கல்லூரியில் மூன்றாம் ஆண்டுக் கணினி வகுப்பில் இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. அங்கே இதற்கு ரிவர்ஸ் பிராக்ஸி என்று பெயர். இங்கே தாவீது அண்ணன் என்று பெயர். பரீட்சையில் படம் வரைந்து பாகங்களைக் குறித்து நல்ல மதிப்பெண் வாங்கினேன். பின்னால் அதற்குள் குடியிருக்க வேண்டிவரும் என்று சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கவனித்திருப்பேன்.

என் அறை எண் மூவாயிரத்து ஏழு. இதை வைத்து மூவாயிரம் அறைகள் இருப்பதாக நினைக்க வேண்டாம். எண்ணுவதே மூவாயிரத்து ஒன்றில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய எண்கள் யாரிடம் இருக்கின்றன என்று கேட்டால் தாவீது அண்ணன் குரலைத் தாழ்த்தி, பெரிய இடம் என்பார்.

புகார் கொடுத்தவர்களுக்கு அது என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்வது என் வேலை. தொடர்புக்கு இளம்பரிதி என்று அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் வாசலில் இளம்பரிதி என்பார்கள். தாவீது அண்ணன் நேராக என்னிடம் வருவார். பரிசீலனையில் இருக்கிறது என்று நான் சொல்வேன். வேறு பதில் எனக்குக் கொடுக்கப்படவில்லை. ஒருமுறை ஒருவர், தன் புகார் என்னவென்றே தனக்கு மறந்துவிட்டதாகவும், அதை மட்டும் சொன்னால் போதும், வேறு தொந்தரவு தரமாட்டேன் என்றும் சொல்லி அனுப்பினார். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். மிகவும் நன்றி என்று தகவல் வந்தது.

அம்மா மட்டும் வரவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் வருவேன் என்று சொல்லித்தான் என்னை அனுப்பினாள். வெள்ளிக்கிழமைகள் வந்தன. அம்மா வரவில்லை. தாவீது அண்ணனிடம் கேட்டேன். இளம்பரிதியைக் கேட்டு எந்த அம்மாவும் வரவில்லை என்றார். பொய் சொல்லத் தெரியாதவர். பொய்யை வெளியிலிருந்து யாராவது கொடுத்தால்தான் கொண்டுவருவார்.

ஒருநாள் என் அறையில் குழாய் தண்ணீரை நிறுத்திவிட்டு யாரையோ பற்றிப் பேச ஆரம்பித்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டு மூவாயிரத்து ஒன்றுக்குப் போனேன். அங்கே இருப்பவர் ஆவுடையப்பன். நடுவயது. எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செப்புக் கம்பியால் காயில் கட்டுவது பற்றி யாராவது கேட்டால் பதில் சொல்ல நியமிக்கப்பட்டவர். இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அவர் அறையில் கால் வைக்க இடமில்லை. தரையெல்லாம் டப்பாக்கள். முறுக்கு, அதிரசம், எள்ளுருண்டை, பருப்புப்பொடி, பூண்டு ஊறுகாய். கட்டிலில் ஒரு தூக்குவாளி இருந்தது. எவர்சில்வர் தூக்குவாளி. மூடியில் சுண்டு என்று புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது.

சுண்டு நான்தான்.

என் முதல் பிறந்த நாளுக்குப் பாத்திரக்கடையில் வாங்கிய வாளி அது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் என்னை இளம்பரிதி ஆக்கினார்கள். வீட்டில் யாரும் அந்தப் பெயரைத் தொட்டதுகூட இல்லை. அது சான்றிதழ்களின் பெயர். பலகைக்குப் பெயர் கேட்டபோது நானும் மதிப்பெண் பட்டியலில் இருப்பதைத்தான் கொடுத்தேன். எல்லோரும் அப்படித்தான் கொடுத்திருந்தார்கள். வீட்டுப் பெயரை அலுவலகத்தில் சொல்ல யாருக்கும் மனம் வராது.

ஆனால் எந்த அம்மாவும் வாசலில் நின்றுகொண்டு பிள்ளையைப் பள்ளிக்கூடப் பெயரால் கேட்பதில்லை.

ஆவுடையப்பன் விஷயத்தை விளக்கினார். பலகையில் இல்லாத பெயரை யாராவது சொன்னால் தாவீது அண்ணன் இல்லை என்று சொல்ல மாட்டார். அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பலகையில் யார் முதலில் இருக்கிறார்களோ அவரிடம் கொண்டுபோவார். ஆவுடையப்பன்தான் முதல். அதனால் புஜ்ஜி, தங்கம், குண்டு, சின்னவன், பாப்பா எல்லாம் அவர்தான்.

“மூணே கேள்விதான் தம்பி” என்றார். “சாப்ட்டியா, ஒடம்பு எப்படி இருக்கு, எப்ப வருத. சாப்ட்டேன், நல்லாருக்கேன், அடுத்த மாசம். எந்த வீட்டுக்கும் பொருந்துது.”

எங்கள் வீட்டுக்குப் பொருந்தாது, நான் அடுத்த மாதம் வருவேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை என்றேன்.

“நான் சொல்லிட்டேனே” என்றார்.

இன்னும் பலவும் சொல்லியிருந்தார். அவள் வைக்கும் ரசத்தை நினைத்துக்கொண்டே தூங்குகிறேன் என்று சொல்லியிருந்தார். முட்டி வலிக்கு நல்லெண்ணெய் தடவச் சொல்லியிருந்தார். அம்மாவுக்கு முட்டி வலி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். பலாப்பழம் கொண்டுவந்தாளாம். குறிப்பிட்ட எடைக்கு மேல் தாவீது அண்ணன் உள்ளே எடுக்க மாட்டார். திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் சுளைகளாக உரித்துக் கொண்டுவந்தாளாம்.

நன்றாக இருந்ததா என்று கேட்டேன். தேன் மாதிரி இருந்தது என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் வாசலை நோக்கி நடந்தேன். உள்ளே இருப்பவர்கள் வாசலுக்கு நடந்தால் நடைக்கூடம் நீளும். அது அதன் வழக்கம். வாசல் வெளிச்சம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் கதவுகள் வந்துகொண்டே இருந்தன. கடைசியில் ஒரு கதவைத் திறந்தேன். மூவாயிரத்து ஏழு. குழாய் இன்னும் பேசிக்கொண்டிருந்தது.

அதனால் பெயர்ப் பிரிவுக்குப் போனேன். அங்கே மாதரசி மேடம் இருந்தார். பலகையில் எழுதுவதும் அழிப்பதும் அவர் ஒருவர்தான். இளம்பரிதிக்குப் பக்கத்தில் சுண்டு என்றும் சேர்க்க வேண்டும், இரண்டும் ஒரே அறைக்கு வர வேண்டும் என்றேன். தாராளமாகச் சேர்க்கலாம் என்றார். ஒரு பெயருக்குப் பக்கத்தில் எத்தனை பெயர் வேண்டுமானாலும் எழுதலாமாம். இடம் இருக்கிறதாம். ஆனால் சுண்டு நான்தான் என்பதை நிரூபிக்க வேண்டும். வெளியிலிருந்து ஒருவர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். உள்ளே நான் திரும்ப வேண்டும். அதுதான் விதி.

வெளியிலிருந்து கூப்பிட்டால் அது மூவாயிரத்து ஒன்றுக்குத்தானே போகும் என்றேன்.

“ஆமா. அவர் திரும்பிட்டார். போன வாரமே பாத்தாச்சி” என்றார். “விதிப்படி அவர்தான் சுண்டு.”

அப்படியானால் நான் யார் என்று கேட்டேன். அதற்கு வேறு பிரிவு என்றார்.

நான் எழுந்து கதவு வரை போனேன். பின்னாலிருந்து யாரோ “எலேய் சுண்டு” என்றார்கள். யோசிப்பதற்கு முன்பே கழுத்து திரும்பிவிட்டது. கூப்பிட்டது மாதரசி மேடம்தான். கழுத்து தானாகத் திரும்பினாலே போதும் என்று பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். வரிசையில் நின்றவர்களில் இன்னும் இரண்டு பேர் திரும்பியிருந்தார்கள். அவர்களைத் தனியாக வரச் சொன்னார்.

பலகையில் எழுதியாயிற்று. ஆனால் பலகையை மாற்றினால் மட்டும் போதாது, தாவீது அண்ணனையும் மாற்ற வேண்டும் என்றார் மேடம். பழைய பலகையைப் படித்தவருக்கு மறுபடி பார்த்தாலும் பழையதுதான் தெரியும். அதற்காக அவரைச் சட்டென்று எடுத்துவிடவும் முடியாது. வாசலில் பாதிப் பேச்சில் ஆட்கள் நிற்பார்கள். அதனால் மேடம் புதிதாக ஒரு தாவீது அண்ணனை நிறுத்தினார். அதே மீசை. அதே காக்கிச் சட்டை. அதே பெருமூச்சு. இனி வருகிறவர்கள் புதியவரிடம் பெயர் சொல்வார்கள். ஏற்கெனவே வந்து நிற்பவர்களைப் பழையவர் பேசி முடித்து அனுப்புவார். கடைசி ஆள் போனதும் அவரும் இருக்க மாட்டார்.

எங்கே போவார் என்று கேட்டேன்.

“இருக்க மாட்டாருன்னா இருக்க மாட்டாரு” என்றார். அது வேறு பிரிவுகூட இல்லை போலிருக்கிறது.

அன்று வெள்ளிக்கிழமை. நான் அறைக்கு வந்து கட்டிலை நேராக்கினேன். தலை வாரினேன். யாரும் பார்க்கப் போவதில்லை என்றாலும் வாரினேன். புதிய தாவீது அண்ணன் வந்தார். புகார். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். மறுபடி வந்தார். புகார். அம்மா வந்தாளா என்று கேட்டேன். அவர் புன்னகை செய்தார். “அவுக காலையிலேயே வந்துட்டாவ தம்பி. பழையவருகிட்ட நிக்காவ. இன்னும் பேச்சு முடியல.”

நான் மூவாயிரத்து ஒன்றுக்கு ஓடினேன். அந்தப் பக்கம் ஓடினால் நடைக்கூடம் நீளாது.

ஆவுடையப்பன் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். பழைய தாவீது அண்ணன் உள்ளே வந்தார். மற்ற எல்லோரையும் முடித்து அனுப்பிவிட்டதால் மிகவும் மெலிந்திருந்தார். சட்டை வழியாகச் சுவர் தெரிந்தது.

முருங்கை மரம் சாய்ந்துவிட்டது என்றார். அய்யோ, எந்தப் பக்கம் என்று ஆவுடையப்பன் கேட்டனுப்பினார். கிணற்றுப் பக்கம் என்று பதில் வந்தது. நல்ல வேளை என்று இவர் சொல்லியனுப்பினார். சரிய்யா, வேறு ஒன்றும் இல்லை என்று வந்தது. வந்த கையோடு, எதிர்வீட்டில் புது ஆள் குடிவந்திருப்பதும் வந்தது. அந்த ஆள் இரவில் ஹார்மோனியம் ஆகிவிடுகிறாராம். அந்தத் தெருவுக்கே தூக்கம் இல்லையாம். சரி, கிளம்பட்டுமா என்று வந்தது. அப்புறம் கொத்தமல்லி விலை வந்தது.

அந்தப் பேச்சு முடிகிற பேச்சு இல்லை என்பது எனக்குப் புரிந்தது. அது முடிந்தால்தான் அம்மா அடுத்த முறை புதியவரிடம் பெயர் சொல்வாள். புதியவரிடம் சொன்னால்தான் என்னிடம் வருவாள். என் அம்மாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு தடைதான் இருந்தது. அவள் என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

பழையவரை மறித்து, நான்தான் சுண்டு, இதைப் போய்ச் சொல்லுங்கள் என்றேன். மூவாயிரத்து ஒன்றின் பதிலைத்தான் எடுத்துப்போவேன் என்றார். ஆவுடையப்பனிடம் திரும்பினேன். ‘நான் உன் பிள்ளை இல்லை’ என்று அம்மாவுக்கு ஒரு வார்த்தை நீங்களாவது சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவர் வெகுநேரம் தூக்குவாளியைப் பார்த்தார். “இத்தன வாரமா சாப்ட்டேன்னு சொன்னது யாருன்னு அவுக கேட்டா, நான் என்ன தம்பி சொல்லட்டும்?”

அப்படியானால் பேச்சை முடியுங்கள் என்றேன். எப்படி முடிப்பது என்று தனக்குத் தெரியாது என்றார். அவருக்கு விவரம் தெரிவதற்கு முன்பே அவருடைய அம்மா இறந்துவிட்டாளாம். முடிப்பதற்கு வேண்டிய அளவுக்கு அவர் பேசியதே இல்லையாம்.

எனக்குத் தெரியும். அம்மாவின் பேச்சை முடிப்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாக்கியம் இருக்கிறது. என்னுடையதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவர் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. சொல்லிப் பார்த்தார். மிகவும் மென்மையாக வந்தது. இன்னும் எரிச்சலாக என்றேன். நடுவில் மூச்சு விடக் கூடாது என்றேன். நாலைந்து தடவை ஒத்திகை பார்த்தோம். பழைய தாவீது அண்ணன் கதவில் சாய்ந்து காத்திருந்தார். கதவு அவர் வழியாகத் தெரிந்தது.

ஆவுடையப்பன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

“எம்மா, வேலை கெடக்கு. சும்மா தொணதொணக்காத. அப்புறம் பேசுதேன்.”

அசல் நான். எனக்கே கொஞ்சம் கோபம் வந்தது.

பழையவர் எடுத்துக்கொண்டு போனார். திரும்ப வர நேரமானது. ஆவுடையப்பன் ஓர் அதிரசத்தை எடுத்து, பார்த்து, மறுபடி டப்பாவில் வைத்தார்.

பழையவர் வந்தார். அவரில் குரல் மட்டும்தான் முழுசாக மிச்சம் இருந்தது. அழுதார்களா என்று ஆவுடையப்பன் கேட்டார்.

“சிரிச்சாவ” என்றார். பிறகு அம்மா சொன்னதை அப்படியே சொன்னார்.

“இப்பத்தான் எம்புள்ள பேசுதான். இத்தன வாரமா எவனோ ஒரு நல்ல பையனில்ல பேசிக்கிட்டு இருந்தான். எம்புள்ளய என்ன செஞ்சானுவளோன்னுதான் வாரம் தவறாம வந்து வந்து பாத்தேன். அவந்தான்யா. உள்ள பத்திரமா இருக்கான். அது போதும். நீ வேலயப் பாருய்யா. நான் இனிம அலைய மாட்டேன்.”

சொல்லி முடித்ததும் அவர் இல்லை. அவர் திறந்த அளவுக்குக் கதவு திறந்திருந்தது.

நான் நடைக்கூடத்துக்கு ஓடிவந்து புதிய தாவீது அண்ணனைப் பிடித்தேன். வாசலில் இருந்து ஓர் அம்மா போய்க்கொண்டிருப்பாள், முட்டி வலி, வேகமாகப் போக மாட்டாள், ஓடிப்போய் நிறுத்துங்கள் என்றேன்.

“நான் வாரவுகளுக்குத்தான் தம்பி” என்றார். “போறவுகளுக்கு இல்ல.”

அதன் பிறகும் வெள்ளிக்கிழமைகள் வருகின்றன. பலகையில் இளம்பரிதிக்குப் பக்கத்தில் சுண்டு என்று தெளிவாக எழுதியிருப்பதாகப் புதியவர் சொல்கிறார். யார் வந்து சொன்னாலும் நேராக என்னிடம் வந்துவிடுவார். நடுவில் எந்தத் தவறுக்கும் இடமில்லை. யாரும் சொல்வதில்லை. மற்ற அம்மாக்கள் இன்னும் வந்து மற்ற பெயர்களைச் சொல்கிறார்கள். அவை மூவாயிரத்து ஒன்றுக்குப் போகின்றன. ஆவுடையப்பன் பதில் சொல்கிறார். ஆனால் முன்போல் ருசித்துச் சொல்வதில்லை என்று கேள்வி. ஒருநாள் என் கதவைத் தட்டி, அந்த முருங்கையைக் கம்பு கொடுத்து நிமிர்த்தினார்களா, வெட்டிவிட்டார்களா, எனக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். நின்றுகொண்டே இருந்தார். அவருக்கு உட்கார இடம் கொடுத்தேன். விளக்கு போடுகிற நேரம் வரைக்கும் இருவரும் உட்கார்ந்திருந்தோம்.

நேற்று தாவீது அண்ணன் ஒரு புகாரோடு வந்தார். பரிசீலனையில் இருக்கிறது என்றேன். அவர் திரும்புவதற்குள் இன்னொன்றும் சொன்னேன். அதற்கான கேள்வி எதுவும் வரவில்லை. ஆனாலும் சொன்னேன்.

“வேலை முடிஞ்சிட்டும்மா. இப்ப பேசலாம்.”

அவர் தயங்கினார். பதில் என்று ஒன்று கொடுக்கப்பட்டுவிட்டால் அவர் எடுத்துத்தான் ஆக வேண்டும். எடுத்துக்கொண்டு போனார். பொழுது சாய்ந்த பிறகு திரும்பி வந்தார். இரண்டு கைகளாலும் அதைத் தாங்கிப் பிடித்திருந்தார். போகும்போது இருந்ததைவிடக் கனமாகிவிட்டது போலிருந்தது.

“வாங்கிக்கிட ஆளில்ல தம்பி” என்றார். “இத எங்க வைக்க?”

கட்டிலுக்கு அடியில் என்றேன். அவர் குனிந்து தள்ளிப் பார்த்தார். உள்ளே போகவில்லை. கட்டிலின் மேல், கால்மாட்டில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டார்.

பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. காலை நீட்டிப் படுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.